உருண்டை பூமி, சதுரக் கட்டங்கள்: எந்த ஓரம் எதோடு சேரும்?

வாலிபால் பந்து கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் தையலைத்தான். வழக்கமான பந்தில் 18 தோல் பட்டைகள் இருக்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்து ஆறு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் கொஞ்சம் உப்பிய ஒரு சதுரம். ஆறு சதுரங்கள் என்றால் அது பெட்டிதான், காற்றடித்து உருட்டிய பெட்டி. திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், "தம்பி, ஒரு பட்டையின் மேல் விரலை வைத்து நேராக இழுத்துக்கொண்டே போ. தையல் வந்ததும் என்ன ஆகிறது, சொல்" என்றேன். இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பட்டை முட்டி நின்றுவிடுகிறது அண்ணா. அந்தப் பக்கம் எல்லாம் குறுக்கே ஓடுகிறது" என்றான்.

உலக வானிலையைக் கணிக்கும் சில பெரிய கணினி மாதிரிகள் தினமும் சமாளிக்க வேண்டிய சிக்கல் இதுவேதான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வானிலைச் செய்தி கேட்காமல் பொழுது விடிவதில்லை. காசிமேட்டில் விசைப்படகை எடுப்பதா, கட்டிவைப்பதா என்பது அதைப் பொறுத்தது. வியாசர்பாடியில் தரைத்தள வீட்டுக்காரர் பீரோவைச் செங்கல் வைத்து உயர்த்துவதா என்பதும் அதைப் பொறுத்தது. துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் டாப்ளர் ராடார் சுழல்கிறது. அது இப்போது பெய்துகொண்டிருக்கும் மழையைப் பார்க்கும்; ஐந்து நாள் கழித்து வரப்போகும் புயலைப் பார்க்காது. அதைச் சொல்ல வேண்டியவை கணினி மாதிரிகள். அவற்றின் அடித்தளத்தில் இருக்கும் கட்டவலையைப் பற்றித் தமிழில் யாராவது விளக்கமாக எழுதியிருக்க மாட்டார்களா என்று பல நாள் தேடியிருக்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன்.

மாதிரி என்பது இதுதான்: பூமியைச் சுற்றியுள்ள காற்றைக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் அவை எப்படி மாறும் என்று கணக்கிடுகிறோம், மறுபடியும் கணக்கிடுகிறோம். ஒரு கட்டம் தன் மாற்றத்தைக் கணக்கிட, தன்னிடம் என்ன இருக்கிறது, பக்கத்துக் கட்டங்களில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922லேயே இதைக் கற்பனை செய்துவிட்டார். ஒரு பெரிய அரங்கம்; சுவர் முழுக்க உலக வரைபடம்; 64,000 கணக்கர்கள் ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிட்டு, விடையைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கும்படி பலகையில் காட்டுவார்கள். இன்றைய சூப்பர் கணினிகள் செய்வதும் அதையேதான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதில் ஒருவருக்குக் குழப்பம் வந்தாலும் அரங்கம் முழுவதும் தவறான கணக்குப் பரவும்.

தட்டையான நிலத்தில் இது ஒரு கேள்வியே அல்ல. உருண்டையில் எளிய வழி அட்சரேகை, தீர்க்கரேகைகளை அப்படியே கட்டங்களாக வைத்துக்கொள்வது. ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம் என்றால் நிலநடுக்கோட்டில் கட்டத்தின் அகலம் 111 கிலோமீட்டர். துருவத்திலிருந்து அரை டிகிரி தள்ளி அதே கட்டத்தின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. வழக்கமான கணக்கு முறைகளில் ஒரு காலடிக்குள், அதாவது ஒரு முறை கணக்கிடும் நேரத்துக்குள், காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆகவே துருவத்தின் ஊசிக் கட்டங்களுக்காக உலகம் முழுவதற்கும் காலடியைச் சுருக்க வேண்டிவரும். யாரும் குடியிருக்காத இடத்துக்காகக் கணினியின் நேரம் வீணாகும்.

பிரெஞ்சு வானிலை அறிவியலாளர் ராபர்ட் சதூர்னி 1972இல் வேறு வழி சொன்னார். பூமியை ஒரு கனசதுரப் பெட்டிக்குள் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டியின் ஆறு முகங்களிலும் சதுரக் கட்டம் போட்டு, பூமியின் மையத்தில் ஒரு விளக்கை ஏற்றினால், அந்தக் கோடுகள் கோளத்தின் மேல் எங்கே விழுமோ அங்கே வலையை வரையலாம். இதுதான் கனசதுரக் கோளம், ஆங்கிலத்தில் 'கியூப்டு ஸ்பியர்'. யோசனை வெகுகாலம் பெரிய பயன்பாட்டுக்கு வராமல் கிடந்தது. ஆயிரக்கணக்கான செயலிகள் (புராசஸர்கள்) ஒன்றாக வேலை செய்யும் கணினிகள் வந்த பிறகு, 1996 வாக்கில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. ஒரே அளவிலான சதுரத் துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பது அத்தகைய கணினிக்கு மிகவும் தோதானது. அமெரிக்காவின் உலகளாவிய கணிப்பு முறை 2019 ஜூனில் எஃப்வி3 என்ற கனசதுரக் கோள முறைக்கு மாறியது. ஒரு முகத்தின் பக்கத்துக்கு 768 கட்டம், ஆறு முகங்களிலும் சேர்த்து 35,38,944 கட்டம், ஒரு கட்டம் சுமார் 13 கிலோமீட்டர். பிரிட்டன் வானிலை அலுவலகம் உருவாக்கிவரும் அடுத்த தலைமுறை மாதிரியும் இந்த வலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி கல்விநிறுவனத்தில் உருவான கடல் மாதிரியிலும் இது உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய 6 கிலோமீட்டர் பாரத் முன்கணிப்பு முறையின் வலைப் பெயரிலும் 'கியூபிக்' என்ற சொல் வருகிறது. அது வேறு குடும்பம். எட்டு முகங்கள் கொண்ட எண்முக வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கோடுகளை எப்படிப் பிரிப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியின் முகத்தைச் சம தூரத்தில் பிரித்தால் நடுக்கட்டம் மூலைக் கட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். மையத்திலிருந்து பார்க்கும் கோணத்தைச் சமமாகப் பிரித்தால் மிகப் பெரிய கட்டம் மிகச் சிறியதைவிட 1.4 மடங்குதான். கீழே நான் சொல்லப்போகும் கணக்கில் சமகோணப் பிரிவையே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு 90 கட்டம். கட்டத்துக்கு ஒரு டிகிரி.

இனி முகங்களின் அடுக்கு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கெட்டி அட்டையில் இதை வெட்டிப் பார்த்தேன். நீங்களும் வெட்டிப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். முகம் 1 கீழே இடப்புறம். அதன் வலப்பக்கம் 2. இரண்டின் தலைமேல் 3. மூன்றின் வலப்பக்கம் 4. நான்கின் தலைமேல் 5. ஐந்தின் வலப்பக்கம் 6. படிக்கட்டு போல ஏறிப்போகும். ஒரு கனசதுரத்தை வெட்டி விரிக்க 11 வடிவங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று.

இந்தப் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெட்டிக்கு 12 விளிம்புகள். விரித்த அட்டையில் ஐந்துதான் ஒட்டியிருக்கும். மீதி ஏழு வெட்டுப்பட்டவை. அந்த ஏழில் எது எதோடு சேரும் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒற்றைப்படை முகங்களுக்கு ஒரே விதி, இரட்டைப்படை முகங்களுக்கு ஒரே விதி. ஒற்றைப்படை முகத்தின் வல ஓரம் அடுத்த எண்ணின் இட ஓரத்தோடு சேரும். மேல் ஓரம் இரண்டு எண் தள்ளியுள்ள முகத்தின் இட ஓரத்தோடு சேரும். இரட்டைப்படை முகத்தின் மேல் ஓரம் அடுத்த எண்ணின் கீழ் ஓரத்தோடு. வல ஓரம் இரண்டு எண் தள்ளியுள்ள முகத்தின் கீழ் ஓரத்தோடு. ஆறைத் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மீதி ஓரங்கள் இதே விதிகளைத் திருப்பிப் படித்தால் கிடைத்துவிடும். ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று எண் தள்ளியிருப்பது நேரெதிர் முகம்: 1க்கு 4, 2க்கு 5, 3க்கு 6. அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. முதல்முறை இந்த விதி கைவந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. இரண்டே வாக்கியங்களில் பூமியின் தையல் முழுவதும் அடங்கிவிடுகிறது.

வல ஓரம் இட ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் சேரும் இடங்கள் ஆறு. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்த அறைக்குள் போவது போலத்தான். மீதி ஆறு இடங்களில் மேல் ஓரம் இட ஓரத்தோடோ, வல ஓரம் கீழ் ஓரத்தோடோ சேர்கிறது. அங்கே திசை கால் சுற்றுத் திரும்பிவிடும். கடற்கரைப் பையன் பந்தில் கண்டது அதையே. பந்தில் பன்னிரண்டு தையலிலும் பட்டைகள் குறுக்கே திரும்புகின்றன. நம் வலையில் பாதித் தையலில் மட்டும்.

திரும்பும் தையலில் எண்ணிக்கையும் தலைகீழாகும். முகம் 1இன் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போனால், முகம் 3இன் இட ஓரத்தில் அது மேலிருந்து கீழாக வரும். 1இன் மேல் வரிசையில் 20ஆவது கட்டத்துக்கு மேலே இருப்பது 3இன் முதல் நிரலில் (மேல்-கீழாக ஓடும் அடுக்கு நிரல், இட-வலமாக ஓடுவது வரிசை) கீழிருந்து 71ஆவது கட்டம். இரண்டையும் கூட்டினால் 91. எந்தக் கட்டத்துக்கும் கூட்டுத்தொகை 91 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

மேல், கீழ், இடம், வலம் என்றுதான் சொல்லிவருகிறேன். வடக்கு, தெற்கு என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பல கையேடுகள் ஓரங்களுக்கு வடக்கு, கிழக்கு என்றே பெயர் வைக்கின்றன. புதிதாக வருபவரை இதைவிட அதிகமாகக் குழப்பும் வழக்கம் வேறில்லை என்பது என் எண்ணம். 4, 5 ஆகிய முகங்களில் 'வலம்' என்பது பூமியில் தெற்குத் திசை. 'மேல்' என்பது கிழக்கு. முகத்தின் திசை முகத்துக்கு மட்டுமே சொந்தம்.

சென்னையிலிருந்து புறப்பட்டுப் பார்ப்போம். எஃப்வி3 முறையில் முகம் 3 வட துருவத்தையும் முகம் 6 தென் துருவத்தையும் மூடுகின்றன. பெட்டியைத் திருப்பாமல் வைத்தால் அதன் ஒரு மூலை 135 டிகிரி கிழக்கில், 35 டிகிரி வடக்கில், ஜப்பானின் மேலேயே விழும். அதைத் தவிர்க்கப் பெட்டியை 10 டிகிரி மேற்கே திருப்பிவைத்திருக்கிறார்கள். திருப்பிய பின் எட்டு மூலைகளும் கடலில் விழுகின்றன. நமக்கு இன்னொரு நன்மை: முகம் 2இன் நடுக்கோடு 80 டிகிரி கிழக்கு. சென்னை 80.3 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அரபிக்கடல், வங்கக்கடல், இலங்கை, நாம் எல்லோரும் முகம் 2இன் நடுப்பகுதியில் இருக்கிறோம். வங்கக்கடலில் உருவாகும் புயல் எந்தத் தையலையும் தாண்டாமலேயே நம் கரைக்கு வந்துவிடும்.

பக்கத்துக்கு 90 கட்டமுள்ள வலையில் முகம் 2 கிழக்கே 35 டிகிரியில் தொடங்குகிறது. ஆகவே சென்னை இடமிருந்து 46ஆவது நிரலில், கீழிருந்து 59ஆவது வரிசையில். அந்த நிரலிலேயே மேலே போவோம். வட அட்சம் 45ஐ ஒட்டி, கசகஸ்தான்–சீன எல்லைப் பக்கத்தில் முகம் 3இன் கீழ் ஓரத்துக்குள் நுழைகிறோம். நிரல் அதே 46. துருவத்தருகே கடந்து முகம் 3இன் மேல் ஓரம். விதிப்படி அது முகம் 5இன் இட ஓரம். இங்கே திருப்பம்: 46 என்பது 45ஆவது வரிசையாகிறது, மேல்நோக்கிய பயணம் வல நோக்கிய பயணமாகிறது. வட அமெரிக்கா, மெக்ஸிகோ, பசிபிக் என்று நேராகப் போய் முகம் 6இன் இட ஓரம், வரிசை 45. தென் துருவத்தருகே கடந்து 6இன் வல ஓரம். அது முகம் 2இன் கீழ் ஓரம். மறுபடி திருப்பம், 45 மீண்டும் 46 ஆகிறது. இந்தியப் பெருங்கடல் வழியாக மேலே ஏறினால் சென்னை. நான்கு முகம், 360 அடி, புறப்பட்ட கட்டத்துக்கே வந்துவிட்டோம். ஓரிடத்தில் எண்ணைத் தலைகீழாக்க மறந்திருந்தால் வேறு நிரலில் போய் நின்றிருப்போம்.

வெப்பம், ஈரம் போன்றவற்றைப் பக்கத்து முகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி வெப்பம் எந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாலும் 30 டிகிரிதான். காற்று அப்படியல்ல. வல நோக்கி எவ்வளவு, மேல்நோக்கி எவ்வளவு என்று அதை இரண்டு அளவுகளாக எழுதுகிறோம். முகம் 1இல் மேல்நோக்கி வீசும் காற்று முகம் 3இல் வல நோக்கி வீசுவதாக எழுதப்பட வேண்டும். முகம் 1இல் வல நோக்கி வீசுவது முகம் 3இல் கீழ்நோக்கி வீசுவதாகும், அதாவது 'மேல்' அளவில் கழித்தல் குறியோடு. இரண்டு அளவுகளும் இடம் மாறுகின்றன. ஒன்றுக்கு மட்டும் குறி மாறுகிறது. இந்த ஒரு கழித்தல் குறி எத்தனை பேரின் இரவுகளைத் தின்றிருக்கும்! எனக்குத் தெரிந்த ஒரு மாணவி தன் திட்டப்பணியில் வெப்பத்தை வைத்து மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பியிருந்தாள். காற்றைச் சேர்த்ததும் ஆறு தையல்களில் மட்டும் கோடு கோடாகச் செயற்கைச் சுழல்கள் எழுந்தன. ஆறும் திரும்பும் தையல்கள் என்பதைப் பார்த்ததும் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது.

மூலைகளுக்கு வருவோம். அட்டைப் பெட்டியை ஒட்டி முடித்து, முகங்களில் புள்ளி வைத்து, அம்மாவிடம் கொடுத்து ஒரு சிக்குக் கோலம் போடச் சொன்னேன். ஐம்பது ஆண்டாக வாசலில் கோலம் போடுகிற கை. விளிம்பைக் கடக்கும்போது தயங்கவே இல்லை. அட்டையைத் திருப்பிக்கொண்டு இழையை அடுத்த முகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மூலையில் நின்றுவிட்டார். "நாலு புள்ளிக்கு நடுவே போக வேண்டிய இழை இங்கே மூன்று புள்ளிக்கு நடுவேதான் போகிறது. இன்னொரு புள்ளி எங்கே?" என்று கேட்டார். அந்தப் புள்ளி இல்லை. பெட்டியின் மூலையில் மூன்று முகங்கள்தான் கூடுகின்றன. மூலைக் கட்டத்துக்கு நான்கு ஓரங்களிலும் அண்டைக் கட்டம் உண்டு. ஆனால் மூலைவிட்டத்தில் மூலைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய கட்டம் கிடையாது. மூலையைச் சுற்றி வந்தால் நான்கு திருப்பத்துக்குப் பதில் மூன்றே திருப்பத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவோம்.

சாமர்த்தியமாக வரைந்தால் இந்தக் குறையைப் போக்கிவிடலாமா? முடியாது. கணிதமேதை ஆய்லரின் சூத்திரம் விடாது: முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் கோளத்தில் 2 வர வேண்டும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு கட்டமும் ஒரு முகம். நம் வலையில் கட்டம் 48,600, விளிம்பு 97,200. ஆகவே முனை 48,602. எல்லா முனையிலும் நான்கு கோடு சந்திப்பதானால் 1,94,408 கோட்டு நுனிகள் வேண்டும். ஆனால் 97,200 விளிம்புகளுக்கு இருப்பது 1,94,400 நுனிகள். எட்டு குறைகிறது. பெட்டியின் எட்டு மூலைகளிலும் மூலைக்கு ஒன்றாக அந்தக் குறை பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. தீர்க்கரேகை வலை சிக்கல் முழுவதையும் இரண்டு துருவங்களில் கொண்டுபோய்க் குவிக்கிறது. அதைவிட எட்டு இடங்களில் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்வது நல்லது. இல்லாத மூலைக் கட்டத்துக்கு எஃப்வி3 செய்யும் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது: இட-வலமாகக் கணக்கிடும்போது ஒரு பக்கத்து முகத்தின் மதிப்பை அங்கே நிரப்புகிறது, மேல்-கீழாகக் கணக்கிடும்போது மற்ற முகத்தின் மதிப்பை நிரப்புகிறது. ஆனாலும் மூலைகளின் தடம் விடையில் லேசாகத் தெரியத்தான் செய்யும். அதைக் குறைப்பது இன்னும் நடந்துவரும் வேலை.

ஆறு முகம் என்றால் ஆறு செயலிகள் மட்டும் அல்ல. ஒவ்வொரு முகத்தையும் மேலும் சிறு டைல்களாக வெட்டுவார்கள். இதில் சொல் வழக்கும் ஊருக்கு ஊர் மாறுகிறது: எஃப்வி3 உலகில் டைல் என்றால் முழு முகம், எம்ஐடி மாதிரியில் முகத்தை வெட்டிய துண்டு. நான் இரண்டாவது பொருளில் சொல்கிறேன். 90 கட்டப் பக்கத்தை மூன்றாக வெட்டினால் முகத்துக்கு 9 டைல், மொத்தம் 54. ரூபிக் கனசதுரத்தில் வண்ணச் சதுரங்கள் எத்தனையோ அத்தனை. ஒவ்வொரு டைலும் தன் நான்கு ஓரங்களுக்கும் பக்கத்து டைலின் எண், எந்த ஓரம், திருப்பம் உண்டா என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். 216 ஓரங்களில் 72 பெட்டி விளிம்பில் விழும். அவற்றில் 36க்கு மட்டுமே திருப்பம். ஒரு டைலுக்கு உலக வரைபடம் தெரிய வேண்டியதில்லை. தன் நான்கு பக்கத்து வீடு தெரிந்தால் போதும். கடல் மாதிரிகளில் முழுக்க நிலமாக இருக்கும் டைலைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம்.

பக்கத்து மதிப்புகளைக் கேட்டுக்கொண்டே இருக்க நேரமில்லாததால், ஒவ்வொரு டைலும் தன்னைச் சுற்றி ஓர் ஓரப்பட்டை வைத்துக்கொண்டு, அதில் பக்கத்துக் கட்டங்களின் நகலை நிரப்பிக்கொள்கிறது. மூன்று கட்ட அகலப் பட்டை என்று கொள்வோம். 30க்கு 30 டைல் 36க்கு 36 ஆகிறது: 900 கட்டத்துக்கு 396 நகல். டைலை 10க்கு 10 என்று நறுக்கினால் 100 கட்டத்துக்கு 156 நகல். சொந்தச் சரக்கைவிடக் கடன் சரக்கு அதிகம். வெட்டிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு.

பட்டியலைச் சோதிக்க நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். காற்று, வெப்பம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் முகவரியையே எண்ணாக எழுதுங்கள்: முகம் 2, நிரல் 46, வரிசை 59 என்றால் 24659. பிறகு ஓரப்பட்டைகளை நிரப்பச் சொல்லி அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள். அது சரியான பிறகு 1992இல் வகுக்கப்பட்ட புகழ்பெற்ற சோதனை: மதிப்புகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் வட்டமான ஒரு மேட்டைக் காற்றில் மிதக்கவிட்டுப் பன்னிரண்டு நாளில் பூமியை ஒருமுறை சுற்றிவரச் செய்வது. நிலநடுக்கோட்டில் விட்டால் தையல்களின் நடுவாகவே கடந்துபோகும். 45 டிகிரி சாய்த்துவிட்டால்தான் மூலைகளின் பக்கமாகப் போகும். அந்த மாணவி குறியைத் திருத்தியபின் சாய்த்துத்தான் விட்டாள். அன்று தாளில் 1இன் மேல் ஓரப்பட்டையில் 20ஆவது இடத்தில் 30171 என்று இருந்தது: முகம் 3, நிரல் 1, வரிசை 71. பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் 20 + 71 = 91 என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினாள்.